காற்றைக் குடித்த ஊசிகள்

அத்தியாயம் 11

முதல் கல் ஆட்டோவின் முன்கண்ணாடியை நொறுக்கியது. இரண்டாவது கல் ஹுமைதின் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்சீட்டில், றீட்டாவுக்கும் சுதர்ஷினிக்கும் நடுவில் விழுந்தது.

“அக்கா, பூமாலைக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். இதுதான் கிடைச்சுதாம்,” என்றான் ஹுமைத், ஹேண்டிலுக்குக் கீழே தலையைப் புதைத்துக்கொண்டு.

“ஆட்டோவ நிப்பாட்டு.”

“நிப்பாட்டினா நம்மளக் கொல்லுவாங்க.”

“நிப்பாட்டலேன்னா அந்தப் பையனக் கொல்லுவாங்க. நிப்பாட்டு.”

ஹுமைத் நிறுத்தினான். றீட்டா ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஒரு காலத்தில் பொலிஸ் சார்ஜன்டாக இருந்தவள், மேலதிகாரி ஒருவரின் கன்னத்தில் ஐந்து விரலையும் பதித்துவிட்டு வேலையை உதறியவள். இப்போது பதுளை டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். ஹுமைத் அவளுக்கு டிரைவர், உதவியாளன், சில நாட்களில் கேடயம். மூன்றாவது உத்தியோகத்தைப் பற்றி வேலைக்குச் சேரும்போது யாரும் அவனிடம் மூச்சு விடவில்லை.

நமுனுகுல மலையில் பாதி மேகத்துக்குள் போயிருந்தது. பெல்ராக் தோட்டத்தின் கொழுந்து மடுவக் கொட்டகையைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுவதும் திரண்டு நின்றது. கொழுந்து நிறுக்கிற தராசுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு வாலிபனை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடிப் போயிருந்தது. வாயிலிருந்து வடிந்த இரத்தம் சட்டையெல்லாம் நனைத்திருந்தது.

“அண்ணே!” என்று அலறிக்கொண்டு சுதர்ஷினி ஓடப் பார்த்தாள். றீட்டா அவள் மணிக்கட்டை விடவில்லை.

தூணில் இருந்தவன் ரமேஸ், இந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். சுதர்ஷினி அவனுடைய தங்கை. இதே லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, பேராதனையில் எஞ்சினியரிங் படித்தவள். யாருக்கோ போட்ட ஊசியை அம்மாவுக்கும் போட்டதில் அம்மாவின் ஈரல் கெட்டுப்போய், படிப்பு முடியும் முன்பே அம்மா போய்விட்டாள். அதிலிருந்து சுதர்ஷினிக்கு ஒரே பைத்தியம். ஒரு ஆளுக்குப் போட்ட ஊசியை இன்னொரு ஆளுக்குப் போடவே முடியாதபடி ஒன்று செய்ய வேண்டும். செய்தும் விட்டாள். அவள் ஊசியை ஒரே ஒரு தடவைதான் தள்ளலாம். தள்ளி முடித்ததும் தண்டு பூட்டிக்கொள்ளும், முனை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுவினாலும் உதறினாலும் அது திறக்காது.

அந்த ஊசியைப் பல மாதமாக இந்தத் தோட்டத்து மருந்துக் காம்பராவில்தான் பரீட்சை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஜொனி இன்று காலையில் அங்கேயே பிணமாகக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது, கழுத்தில் ஒரு துளை இருந்தது, சுற்றிலும் சுதர்ஷினியின் ஊசிகள் கிடந்தன. ஊசிப் பெட்டிகளை டவுனிலிருந்து சுமந்து வருகிறவன் ரமேஸ். போதாக்குறைக்கு நேற்றுப் பெரட்டுக் களத்தில், அத்தனை பேரும் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற இடத்தில், ஜொனியும் ரமேசும் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறார்கள். சனங்களுக்கு அது போதுமாக இருந்தது.

பொலிஸ் வராமலில்லை. பசறை ரோட்டில் மலை சரிந்து, மண்ணுக்கு அந்தப் பக்கம் ஜீப் நின்றது. ஹுமைத் கொழுந்து மூட்டை இறக்குகிற குறுக்குப் பாதையில் ஆட்டோவை விட்டு, நாலு தடவை கலிமா சொல்லி, வந்து சேர்ந்திருந்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கிழவர் முன்னால் வந்தார். கையில் வளைந்த கவ்வாத்துக் கத்தி. அந்தோனிமுத்து, ஜொனியின் அப்பா, பழைய கங்காணி. அழுது முடித்தவரின் முகம் அவருக்கு. அவருக்குப் பின்னால் இளைய மகன் ஜெசிந்தன் நின்றான். தோட்டத்து மாட்டுப் பட்டியையும் பால் சங்கத்தையும் பார்த்துக்கொள்கிறவன், தோளில் ஒரு பை தொங்கியது. அவன் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தான். கையிலிருந்த உருட்டுக் கட்டையின் நுனி சிவந்திருந்தது.

“யாரம்மா நீங்க?” என்றார் கிழவர்.

“என் பேரு றீட்டா. இந்தப் பிள்ள கூப்பிட்டு வந்தேன். ஒங்க மகன் சாவுக்கு வருத்தப்படுறேனுங்க.”

“வருத்தம் வேணாம். வழிய விட்டா போதும்.”

“இவன் செய்யலேன்னா?”

“இவன் செய்யாம எவன் செஞ்சான்?” ஜெசிந்தன் கத்தினான். “எங்கண்ணன் மண்டைய ஒடச்சி, கழுத்துல ஊசியக் குத்தி, நாய் மாதிரிப் போட்டுட்டுப் போயிருக்கான்! இவன் தங்கச்சி செஞ்ச பிசாசு ஊசி!” சொல்லிக்கொண்டே கட்டையை ஓங்கி ரமேசின் முழங்காலில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் ஹுமைதின் பல்லுக்குள் கேட்டது. ரமேஸ் கத்தக்கூட இல்லை, தலை மட்டும் முன்னால் தொங்கிவிட்டது.

சுதர்ஷினியின் நகம் றீட்டாவின் கைக்குள் பதிந்தது. றீட்டா கிழவரையே பார்த்தாள்.

“ஐயா, ஒங்களுக்கு வேண்டியது இன்னொரு பொணமா? இல்ல, ஒங்க மகனக் கொன்னவனா?”

கிழவர் மலைச் சரிவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“சவப்பொட்டி பசறையில இருந்து வருது. சரிவுக்கு மேலால தோள்ல தூக்கிட்டு வாறாங்க. அது வந்து சேர்ற வரைக்கும் பாருங்க. அதுக்கப்பறம் நீங்க குறுக்க வரக் கூடாது.”

* * *

மருந்துக் காம்பராவில் டெட்டோல் வாசமும் இரத்த வாசமும் கலந்து வீசின. பிணத்தைக் காலையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தரையில் அது கிடந்த இடம் மட்டும் கறுத்துக் காய்ந்திருந்தது. மேசைமேல் மயக்க மருந்துக் குப்பி ஒன்று, ரப்பர் மூடியோடு பாதி காலியாக நின்றது. கீழே மூன்று ஊசிகள்.

“எதையும் தொடாத ஹுமைத்,” என்றாள் றீட்டா.

“நான் தொடல. நெஞ்சு மட்டும் தானா அடிக்குது. அதுக்கும் நிக்கச் சொல்லவா?”

றீட்டா கைக்குட்டையால் ஊசிகளை எடுத்துச் சுதர்ஷினியிடம் நீட்டினாள். தான் உருவாக்கிய பொருளைக் கையில் வாங்கியதும் அவள் கண் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

“மூணும் பூட்டியிருக்கு மிஸ். கடைசி வரைக்கும் தள்ளியிருக்காங்க.” சட்டென்று நிறுத்தினாள். “ஆனா உள்ள ஒண்ணுமே இல்லையே.”

“ஒண்ணுமே இல்லேன்னா?”

“அந்தக் குப்பியில இருக்கிறது பால் மாதிரி மருந்து. ஊசிக்குள்ள போச்சுன்னா, காஞ்சாலும் வெள்ளையாப் படிஞ்சிரும். இந்த மூணும் சுத்தமா இருக்கு. இதுக்குள்ள மருந்தே ஏறல.”

“அப்ப ஜொனியக் கொன்னது இந்த ஊசி இல்ல.”

“கொல பண்ண வந்துட்டு, ஒரு வேலையும் பாக்காம படுத்துக்கிட்ட ஊசி,” என்றான் ஹுமைத். “எங்க மாமா மகன் ஒருத்தன் ஆபீஸ்ல இப்படித்தான் இருக்கான்.”

“மருந்து ஏறாம எப்படிப் பூட்டும்?” றீட்டா கேட்டாள்.

சுதர்ஷினியின் முகம் சிவந்தது. தன் பிள்ளை செய்த தப்பை அடுத்த வீட்டில் ஒத்துக்கொள்கிறவளைப் போல மெல்லப் பேசினாள்.

“காத்து, மிஸ். ரப்பர் மூடிக் குப்பியில மருந்து எடுக்கும்போது, பழகினவங்க மொதல்ல ஊசிக்குள்ள காத்த இழுப்பாங்க. அந்தக் காத்தக் குப்பிக்குள்ள தள்ளிட்டுத்தான் மருந்த இழுப்பாங்க. அப்பத்தான் லேசா வரும். சாதாரண ஊசிக்கு அதுதான் சரியான வழி. ஆனா என் ஊசிக்கு ஒரே ஒரு தள்ளுதான் கணக்கு. மருந்தத் தள்ளினாலும் ஒண்ணு, காத்தத் தள்ளினாலும் ஒண்ணு. பூட்டிரும்.”

“ஜொனிக்கு அப்படி ஆச்சா?”

“மொதப் பெட்டியில பாதி அவரு கையில வீணாப் போச்சு. என்னப் புடிச்சி ஏசினாரு. ‘பிள்ள, என் கை வருசக்கணக்கா இப்படியே பழகிருச்சு, கையக் கழட்டி வேற கை மாட்ட முடியாது, நீ ஊசிய மாத்து’ன்னாரு. அவரு சொன்னது ஞாயந்தான். கையத் திட்டி என்ன பண்றது? காத்தத் தள்ளினாலும் பூட்டாத மாதிரி இப்ப புதுசா வரைஞ்சிக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள அவரே பழகிட்டாரு. இந்த ரெண்டு மாசத்துல அவரு கையில ஒரு ஊசிகூட வீணாகல.”

“ரமேசுக்கு ஊசி போடத் தெரியுமா?”

“அண்ணனா? ஊசியக் கண்டாலே தலைசுத்தி விழுவான். பெட்டியக்கூடப் பொடவத் துணியில சுத்தித்தான் தூக்கிட்டு வருவான்.”

“தெரியாதவன் எடுத்தா எப்படி எடுப்பான்?”

“நேராக் குத்தி, இழுப்பான். காத்து விஷயமே அவனுக்குத் தெரியாதே.”

றீட்டா மேசையின் ஓரத்தில் சாய்ந்தாள். யோசிக்கும்போது அவள் காதுத் தோட்டைத் திருகுவாள். இப்போது அது நன்றாகத் திருகப்பட்டது.

“ஒண்ணுமே தெரியாதவன் கையில இந்த ஊசி பூட்டாது. இதப் பழகினவன் கையிலயும் பூட்டாது. பழைய ஊசியில ஊறிப்போன கையிலதான் பூட்டும். அந்தக் கைக்காரன் ஒண்ணு பூட்டிருச்சேன்னு ரெண்டாவத எடுத்திருக்கான், அப்பறம் மூணாவத எடுத்திருக்கான். ஏன்னு கடைசி வரைக்கும் வெளங்கல. கையில வேற எதையோ வச்சிருந்து காரியத்த முடிச்சிருக்கான். இந்தத் தோட்டத்துல அப்படி ஊசி போடத் தெரிஞ்சவங்க யாரு?”

“யாருமில்ல மிஸ். ஜொனி அண்ணன் மட்டுந்தான்.”

“அப்ப கேஸ் முடிஞ்சிது,” என்றான் ஹுமைத். “ஜொனி பின்னால போய் நின்னு தன் மண்டையில தானே அடிச்சி, தானே ஊசியும்...”

கதவு உள்ளே பறந்து வந்து விழுந்தது. இரண்டு பேர் நுழைந்தார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய்க் கேன், மற்றவன் கையில் கவ்வாத்துக் கத்தி. கேன்காரன் ஒரு வார்த்தை பேசாமல் ஊசிப் பெட்டிகள் அடுக்கியிருந்த அலுமாரி மேல் எண்ணெயை வீசினான். சுதர்ஷினி ஓடிப்போய் அலுமாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். கத்திக்காரன் அவள் தலைமயிரைப் பற்றி இழுத்தான்.

ஹுமைத் வீரன் இல்லை. அதை அவனே எல்லாரிடமும் சொல்லுவான். ஆனால் அந்தப் பெண்ணின் கழுத்துக்கு நேராகக் கத்தி போவதைக் கண்டதும் அவன் கை தானாகக் குறுக்கே போய்விட்டது. இடது முழங்கைக்குக் கீழே சூடாக ஏதோ ஓடியது. பார்த்தால் சதை வாய் பிளந்து, இரத்தம் விரல் வழியாகக் கொட்டியது.

“உம்மா!” என்று பெற்றவளைக் கூப்பிட்டான். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

றீட்டா ஸ்டூலைத் தூக்கிக் கத்திக்காரனின் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்து அவன் சுவரில் சாய்ந்தான். கத்தி பிடித்த கையைப் பின்னால் முறுக்கி, முழங்கையில் தன் முட்டியை வைத்து அழுத்தினாள். மடக்கென்றது. அவன் போட்ட கூச்சலில் கேன்காரன் தீப்பெட்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான்.

“யாரு அனுப்பினது?”

“யாரும் அனுப்பலீங்க... ஐயோ கை... ஜெசிந்தன் அண்ணே அழுதாரு. இந்த ஊசியெல்லாம் எரிஞ்சாத்தான் எம்மனசு ஆறும்னாரு. அவ்வளவுதாங்க!”

றீட்டா அவனை விட்டாள். சுதர்ஷினி தன் சால்வையைக் கிழித்து ஹுமைதின் கையில் இறுக்கிக் கட்டினாள். வெளியே, மலைச் சரிவுப் பக்கமிருந்து ஒப்பாரிச் சத்தம் கிளம்பியது. சவப்பெட்டி வந்துகொண்டிருந்தது.

றீட்டா ஹுமைதின் காயத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் பரிதாபம் இருக்கும் என்று எதிர்பார்த்தான். இருந்தது சந்தோஷம்.

“நல்ல வேலை பண்ணின ஹுமைத்.”

“நான் என்ன பண்ணினேன்? நின்னேன். வெட்டினான்.”

“அதான். வா. சத்தமா முனகிக்கிட்டே வா.”

பிரிக்காத ஊசிப் பெட்டி ஒன்றையும், குளிர்பெட்டியிலிருந்த ஒரு குப்பியையும் எடுத்துக்கொண்டாள். முனகுவதற்கு யாரும் ஹுமைதிடம் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

* * *

அவர்கள் மடுவத்துக்கு வந்தபோது சவப்பெட்டி வளைவில் தெரிந்துவிட்டது. அந்தோனிமுத்து கத்தியோடு ரமேசுக்கு முன்னால் போய் நின்றிருந்தார்.

“ஐயா, நேரம் முடிஞ்சிருச்சு. தெரியும்,” றீட்டா மூச்சு வாங்கினாள். “ஒங்க ஆளு ஒருத்தன் இவர வெட்டிப்புட்டான். துருப்பிடிச்ச கத்தி. ஏற்பு ஊசி போடலேன்னா தாட இறுகிச் செத்துருவாரு.”

“தாடையா?” என்றான் ஹுமைத். “அப்ப பேச்சு நின்னுருமா?”

“நிக்கும்.”

“சீக்கிரம் போடுங்க!”

“மருந்து இருக்கு, ஊசி இருக்கு, போட ஆளில்ல. நான் பழைய பொலிஸ்காரி. இந்தப் பிள்ள ஊசி செய்றவ, போடத் தெரியாது. இங்க யாருக்காவது தெரியுமா?”

கூட்டத்தில் பெண்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில், இடுப்பில் பிள்ளையோடு நின்ற விஜயலெட்சுமி என்பவள் வாயைத் திறந்தாள்.

“ஜெசிந்தன் அண்ணே போடுவாரே.”

“ஏய், நான் மாட்டுக்குப் போடுறவன்!”

“மனுசருக்கும் போடுவீங்கதானே அண்ணே. போன மாசம் எம்புள்ளக்கிக் காச்சல்னு போட்டீங்களே. டிஸ்பென்சரிக்குப் போனா பெரட்டு தவறிப் பேரும் அன்னக்கிச் சம்பளமும் போயிரும்னு, பின்னேரத்துல நாங்கெல்லாம் ஒங்ககிட்டத்தானே வாறோம்.”

ஜெசிந்தன் அப்பாவைப் பார்த்தான். “எங்கண்ணன் பொட்டி வந்துக்கிட்டிருக்கு. இப்பத்தானா?”

“போடுடா,” என்றார் கிழவர். “இந்த மனுசன் நமக்கு என்ன பண்ணினாரு? நம்ம ஆளு வெட்டின வெட்டு. போட்டுட்டு வா.”

இத்தனை பேருக்கு முன்னால் மறுக்க அவனால் முடியவில்லை. கட்டையைக் கால்பக்கம் சாய்த்து வைத்தான். றீட்டா ஒரு ஊசியைக் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பிப் பார்த்த விதத்தில் ஒரு வெறுப்பு இருந்தது. ஆனால் கை என்னவோ தேர்ந்த கை. கண்ணால் பார்க்காமலே உறையைக் கழற்றினான், தண்டை இழுத்தான், குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மூடியில் குத்தினான், தள்ளினான்.

டக்.

மருந்தை இழுக்கப் பார்த்தான். தண்டு அசையவில்லை.

“வேற ஒண்ணு தாறேன்,” என்றாள் றீட்டா, அமைதியாக.

இழுத்தான், குத்தினான், தள்ளினான். டக். சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் மடுவத்துக்கு வெளியே இறக்கி வைத்தார்கள். ஒப்பாரி நின்றுபோனது. எல்லாக் கண்ணும் அவன் கையில் இருந்தது. நெற்றி வியர்க்க, மூன்றாவதை அவனே ஊசிப் பெட்டியிலிருந்து பிடுங்கினான். அவசரத்தில் கை இன்னும் வேகமாகப் பழைய வேலையைச் செய்தது.

டக்.

“எழவெடுத்த ஊசி!” மூன்றையும் தரையில் அடித்தான். “எல்லாமே பழுது! இத வச்சிக்கிட்டு எவனுக்கு ஊசி போடுறது?”

ஹுமைத் கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டான். எவன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றோம் என்று இப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

றீட்டா குனிந்து அந்த மூன்று ஊசியையும் பொறுக்கிக் கொழுந்துத் தராசின் தட்டில் வைத்தாள். கைக்குட்டையை அவிழ்த்து, மருந்துக் காம்பராவில் கிடந்த மூன்றையும் பக்கத்தில் வைத்தாள்.

“எல்லாரும் வந்து பாருங்க. இது ஜொனி பொணத்துக்கிட்டக் கிடந்தது. இது இப்ப ஜெசிந்தன் கையில நடந்தது. வித்தியாசம் தெரியுதா?”

வித்தியாசம் இல்லை. ஆறும் ஒரே மாதிரி பூட்டி, ஒரே மாதிரி வெறுமையாக இருந்தன.

“ஊசி பழுதுன்னாரே, அதையும் பாத்துருவோம். தங்கச்சி, நீ வா.” கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டாள். “பேரென்ன?”

“நிஷாலினி.”

“ஊசி போட்டிருக்கியா?”

“ஐயோ, இல்லீங்க.”

“இந்தப் புது ஊசிய மூடியில குத்தி, மருந்த இழு. எப்படித் தோணுதோ அப்படி.”

நிஷாலினி நாக்கைக் கடித்துக்கொண்டு குத்தினாள், இழுத்தாள். மருந்து ஊசிக்குள் அழகாக ஏறியது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

“பழுது ஊசியில இல்ல,” என்றாள் றீட்டா. “மாட்டுக்குப் போட்டுப் பழகின கை, மொதல்ல காத்தத் தள்ளும். காத்தத் தள்ளினா இது பூட்டிரும். ரமேசுக்குக் காத்தத் தள்ளணும்னே தெரியாது. ஜொனி அத எப்பவோ விட்டுட்டாரு. மருந்துக் காம்பராவில மூணு தடவ காத்தத் தள்ளினது வேற ஒரு கை.”

“மாட்டுக்குப் போடுற எவனும் அப்படித்தான் செய்வான்!” ஜெசிந்தனின் குரல் கிறீச்சிட்டது.

“சரி. இந்தத் தோட்டத்துல மாட்டுக்குப் போடுறவன் எத்தன பேரு?”

கூட்டம் ஜெசிந்தனைத் திரும்பிப் பார்த்தது.

“ஒன் தோள்ல தொங்குற பையக் காட்டு. மூணும் பூட்டின பொறகு எதால குத்தினேன்னு பாப்போம்.”

கட்டை வந்த வேகத்தை ஹுமைத் பார்க்கவே இல்லை. றீட்டாவின் தோளில் விழுந்து அவளை மண்டியிட வைத்தது. அடுத்த நொடி ஜெசிந்தன் பைக்குள் கைவிட்டு ஒரு தடித்த எவர்சில்வர் மாட்டு ஊசியை உருவி, சுதர்ஷினியைக் கழுத்தோடு இழுத்து அணைத்து, முனையை அவள் தொண்டையில் வைத்துவிட்டான். முனையில் பழைய இரத்தம் காய்ந்திருந்தது. உள்ளே பால் நிறத்தில் மருந்து மிச்சமிருந்தது.

“கிட்ட வந்தா எறக்கிருவேன்! எல்லாம் இவளால வந்தது! நல்லாத்தானே இருந்தோம்! ஜொனி போட்டுக் குப்பையில போடுற ஊசிய எடுத்துக் கழுவி, சனங்களுக்குப் போட்டேன். யாரு கேட்டா? இவ ஊசி வந்துச்சு. கழுவ முடியல, மிச்சமிருந்த பழைய ஊசியத்தான் எடுத்தேன். குப்பையில பழைய ஊசி கொறையுதுன்னு ஜொனி கணக்குப் பாத்து, மொதல்ல ரமேச சந்தேகப்பட்டான், அப்பறம் எங்கிட்ட வந்தான்! லயத்துல இத்தன பேருக்குக் காமால ஒன் ஊசியாலதான், ஞாயித்துக்கெழம கோயில்ல எழும்பி நின்னு சொல்லப்போறேன்னான்! சொந்தத் தம்பின்னு பாக்கல! அவன் சாவ இவ ஊசி மேல போட்டா, சனங்களே அத எரிச்சிரும்னு...”

சொல்லிவிட்டதை அப்போதுதான் அவன் உணர்ந்தான். வாய் அப்படியே நின்றது.

அந்த ஒரு கணம் ஹுமைதுக்குப் போதும். ஒரு கை உதவாது, இன்னொரு கையில் ஒன்றும் இல்லை, மிச்சம் இருந்தது மண்டை. குனிந்து ஓடிப்போய் ஜெசிந்தனின் விலாவில் முட்டினான். மூன்று பேரும் சேர்ந்து விழுந்தார்கள். மாட்டு ஊசி சுதர்ஷினியின் தோளைக் கீறிக்கொண்டு தெறித்தது. றீட்டா மண்டியிட்டபடியே தவழ்ந்து வந்து, அது அவன் கைக்குத் திரும்பும் முன்பு அவன் விரல்களை முழங்காலால் நசுக்கினாள்.

“எம்புள்ள...” என்றாள் விஜயலெட்சுமி. இடுப்பிலிருந்த குழந்தையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். அந்தக் கண் மஞ்சளாக இருந்ததை ஹுமைதும் பார்த்தான். “எம்புள்ளக்கிப் போட்டியேடா, பாவி!”

அவளுடைய கல்தான் முதலில் ஜெசிந்தனின் முகத்தில் விழுந்தது. பிறகு யார் எதை வீசினார்கள் என்று சொல்ல முடியாது. ரமேசுக்காகக் கொண்டுவந்த கட்டைகள் எல்லாம் ஜெசிந்தன்மேல் இறங்கின. அவன் நெற்றி பிளந்தது, கை முறிந்தது, அவன் “அப்பா, அப்பா” என்று கத்தினான். றீட்டா கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுதர்ஷினியும் நிஷாலினியும் தூணில் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ரமேஸ் சரிந்து தங்கையின் மடியில் விழுந்தான். அவனுக்கு உயிர் இருந்தது. இந்தத் தோட்டத்துக்கு அவர்கள் வந்தது அந்த ஒரு உயிருக்காகத்தான், அது கிடைத்துவிட்டது. ஆனாலும் ஹுமைதுக்குச் சந்தோஷப்பட வரவில்லை. ஐந்தடி தூரத்தில் ஒரு மனிதனைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்குள்ளே ஒரு உருவம் குனிந்து புகுந்தது. அந்தோனிமுத்து. கத்தி கையில் இல்லை. அவர் இளைய மகன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். ஓங்கிய கட்டை ஒன்று நிறுத்த முடியாமல் கிழவரின் முதுகில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு யாரும் ஓங்கவில்லை.

“எந்திரிங்க கங்காணி,” என்றான் ஒருவன். “ஒங்க மூத்த மகனக் கொன்னவன் அவன்.”

“தெரியும்.”

“அப்பறம் என்னத்துக்கு அவன மறைக்கிறீங்க?”

கிழவர் தலையைத் தூக்கவில்லை. அவருக்கு அடியில் ஜெசிந்தன் குழந்தையைப் போல விம்முவது கேட்டது. மடுவத்துக்கு வெளியே ஜொனிக்காக வந்த வெறும் சவப்பெட்டி மூடாமல் காத்திருந்தது.

“குழி ஒண்ணுதான் வெட்டச் சொல்லியிருக்கேன்,” என்றார் அந்தோனிமுத்து.